தேஞ்சுபோன பழைய மோதிரம்: அழிச்சு செய்யலாமா ரிப்பேர் பண்ணலாமா – மதுரை பட்டறை ஒன்னு பத்தி ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். வேலைக்கு 5 ஸ்டார், பொறுமையா எடுத்துச் சொன்னதுக்கு 5 ஸ்டார், சொன்ன தேதிக்குக் குடுக்கறதுக்கு 2, உக்கார இடம் பில்லு மாதிரி சமாச்சாரத்துக்கெல்லாம் ஒன்னு குடுத்தாலே அதிகம். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடை பஜார்ல இருந்து பிரியற ஒரு சந்துல, மாடில இருக்கற பட்டறை. போர்டு கிடையாது. நகை செய்யற பத்தர்கிட்ட நெட்ல எழுதலாமான்னு கேட்டேன், எழுதுங்க, ஆனா பேரு நம்பர் எதுவும் போடாதீங்க, இருக்கற வேலையே முடியலன்னு சொல்லிட்டார், அதனால பேரு கேட்டு யாரும் மெசேஜ் பண்ணாதீங்க. அப்புறம் எதுக்கு ரிவ்யூன்னா, இதே மாதிரி பட்டறை கோயம்புத்தூர் திருச்சி கும்பகோணம்னு எல்லா ஊர்லயும் இருக்கு, எப்படிப்பட்ட ஆளுகிட்ட குடுக்கணும் எப்படிப்பட்ட கடைல இருந்து திரும்பி வந்துடணும்னு தெரிஞ்சா போதும், பேரு தேவையில்ல.

மோதிரம் என் வீட்டுக்காரரோட தாத்தாவோடது. அவரு ரங்கூன் முகல் தெருவுல செட்டியார் கிட்டங்கில, அதாவது வட்டிக்கடைல, கணக்கு எழுதினவர், 41 கடைசில ஜப்பான்காரன் குண்டு போட்டு ஜனங்க எல்லாம் மூட்டை கட்டறதுக்கு முன்னாடியே ஊருக்கு வந்துட்டாராம், வரும்போது வாங்கிட்டு வந்த மோதிரம்னு வீட்ல சொல்லுவாங்க. நடுவுல ஒரு சிவப்பு, அதாவது மாணிக்கக் கல்லு, சுத்தி எட்டு பொடி வைரம், எல்லாமே பின்னாடி மூடின கட்டடம் (கல்லு பதிச்சிருக்கற விதத்தைத்தான் கட்டடம்னு சொல்றது), கல்லுக்குப் பக்கத்துல வளையத்தோட தோள்பட்டைல ரெண்டு பக்கமும் கையால வெட்டின இலை வேலைப்பாடு. மாமனார் முப்பது வருஷத்துக்கு மேல கழட்டாம போட்டிருந்தார், அதுவும் பக்கத்து விரல்ல இன்னொரு மோதிரத்தோட. ரெண்டும் ஒன்னோட ஒன்னு உரசி உரசி, உள்ளங்கை பக்கம் வர்ற அடி வளையம் காகிதம் மாதிரி ஆயிடுச்சு. மேல பாத்தா ராஜா மோதிரம், திருப்பிப் பாத்தா கையால அமுத்தினாலே வளையும்.

இந்த அடி தேயறது எல்லா மோதிரத்துக்கும் நடக்கறதுதான். 22 கேரட் இளசான தங்கம், பாத்திரம் கழுவறது பைக் ஹேண்டில் பிடிக்கறது பஸ் கம்பி பிடிக்கறது எல்லாம் வளையத்தோட அடிலதான் படும். மேல தலைப்பகுதி, அதாவது கல்லு இருக்கற இடம், பெருசா தேயாது. இது தெரிஞ்சிருந்தாலே பாதி முடிவு எடுத்த மாதிரிதான், ஏன்னா நல்ல வேலைப்பாடு உள்ள பழைய மோதிரத்துக்கு மதிப்பு மேல இருக்கு, சேதம் கீழ இருக்கு. கீழ இருக்கற சேதத்துக்காக மேல இருக்கறதையும் சேத்து உருக்கறதா வேணாமாங்கறதுதான் கேள்வியே.

முதல்ல போனது ஒரு பெரிய ஷோரூம், பேரு வேணாம், ஏசி, ஜூஸ், எல்லாம் நல்ல உபசரிப்பு. மோதிரத்தை வாங்கின அந்தப் பையன் அதை ஒரு தடவை கூட திருப்பிப் பாக்கல, நேரா தராசுல வச்சுட்டான். 4.6 கிராம்னு வந்துச்சு. அப்புறம் மெஷின்ல வச்சாங்க, டச், அதாவது நூத்துல எத்தனை பங்கு சுத்தத் தங்கம்ங்கறது, 85ன்னு வந்துச்சு. கல்லுக்கும் உள்ள இருக்கற அரக்குக்கும் சேத்து ஒரு கிராம் கழிச்சுடுவோம் மேடம், கல்லுக்கு மதிப்பு கிடையாது, கல்லை வேணும்னா கழட்டிக் கையில குடுத்துடறோம்னு சொல்லிட்டு கால்குலேட்டரை எடுத்துட்டான். ரிப்பேர் பண்ண முடியுமான்னு கேட்டா, பழசு மேடம், உடைஞ்சா நாங்க பொறுப்பில்ல, அழிச்சு புதுசா எடுத்துக்கோங்கன்னு பதில்.

அந்தக் கணக்கை இங்க போட்டே ஆகணும். 4.6ல ஒன்னு போனா 3.6. டச் 85ன்னா சொக்கத் தங்கம் 3.06. அதை 916, அதாவது 22 கேரட் கணக்குக்கு மாத்தினா 3.34 கிராம். சரி, இதே சைஸ்ல கொஞ்சம் கனமா 6 கிராம்ல புது மோதிரம், சேதாரம் 18 சதவீதம்னு சொன்னாங்க, ஆக 7.08 கிராமுக்கு காசு குடுக்கணும். நம்ம பழசைக் கழிச்சா 3.74 கிராம் கையிலிருந்து, அது போக ஜிஎஸ்டி 3 சதவீதம், கல் பதிக்க தனிக் கூலி. இன்னிக்கு தங்கம் விக்கற விலைல இது சின்னக் காசு இல்ல, இவ்வளவு குடுத்துட்டு கடைசில கையில இருக்கப் போறது அந்தக் கடைல ட்ரேல அடுக்கி வச்சிருக்கற, அச்சுல வார்த்த கேஸ்டிங் மோதிரத்துல ஒன்னு, நம்ம கல்லு வச்சது. தாத்தா மோதிரம்னு அதைக் காட்ட முடியுமா.

கடைக்காரங்களைக் குத்தம் சொல்லல, அவங்க வியாபாரம் அது. புதுசு வித்தாதான் அவங்களுக்கு சேதாரத்துல காசு, பழசை ஒட்டிக் குடுத்தா ரிஸ்க் மட்டும்தான். ஆனா நீங்க ரிப்பேரா அழிக்கறதான்னு யோசனை கேக்கப் போனா, யோசனை சொல்றவருக்கு ரெண்டு பக்கமும் சம லாபம் இருக்கணும், இல்ல ரெண்டு வேலையும் கையால செய்யத் தெரிஞ்சவரா இருக்கணும்.

அடுத்து ரோட்டோரம் நகைக்குப் பத்து வைக்கற, அதாவது நெருப்புல காட்டி ஒட்டித் தர்ற ஒரு ஆளு. அஞ்சு நிமிஷத்துல அடில ஒட்டுப் பொடி வச்சு ஊதித் தரேன், முன்னூறு ரூபா போதும்னார். நல்லவேளை கூட வந்த நாத்தனார் வேணாம்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டா. ஏன் நல்லவேளைன்னு பட்டறைல போனப்புறம்தான் தெரிஞ்சுது.

இப்ப பட்டறை. பத்தருக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும், கூட அவர் மகனும் ரெண்டு பசங்களும். மோதிரத்தை வாங்கின உடனே அவர் செஞ்ச முதல் காரியம், காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தார். கல்லு லூஸா இருந்தா கிலுகிலுன்னு கேக்குமாம். அப்புறம் குப்புறப் போட்டு லென்ஸ்ல பின்பக்கத்தைப் பாத்தார், முன்பக்கம் கடைசிலதான். கல்லைச் சுத்தி இருக்கற தங்க விளிம்பை ஊசி முனையால ஒவ்வொன்னா தொட்டுத் தொட்டுப் பாத்தார், எட்டு வைரத்துல ஒன்னுக்கு மட்டும் விளிம்பு மெலிஞ்சிருக்குன்னு சொல்லி லென்ஸை என்கிட்ட குடுத்தார், பாருங்கம்மா, மணி மூணு காட்டற பக்கம்னு. எனக்கும் தெரிஞ்சுது. வெர்னியர் வச்சு அளந்தார். தோள்பட்டைல 1.8 மில்லிமீட்டர், அடில 0.7. ஒரு மில்லிமீட்டருக்குக் கீழ போனா எதை ஒட்டினாலும் பக்கத்துல முறியும்மா, ஒட்டின இடம் நிக்கும், ஒட்டாத இடம் போயிடும்னார். அதாவது அடில மட்டும் ஒரு பொட்டு தங்கம் வச்சு நிரப்பறது வீண் செலவு. அதுவரைக்கும் தராசுப் பக்கமே போகல மனுஷன், நான் அவர்கிட்ட விழுந்தது அங்கதான்.

அடுத்ததுதான் முக்கியம். வளையத்தோட உள்பக்கம் ஒரு இடத்துல கொஞ்சம் மங்கலா சாம்பல் கலர்ல இருந்துச்சு, அழுக்குன்னுதான் நாங்க நினைச்சிருந்தோம். சின்ன உளியால லேசா சுரண்டினார், வெள்ளையா மெத்துன்னு இழுவிச்சு. ஈயம். எப்பவோ யாரோ ஒருத்தர் ஈயத்தைப் போட்டு ஒட்டி வச்சிருக்காங்க. இது தெரியாம நெருப்புல காட்டியிருந்தா ஈயம் தங்கத்தோட கலந்து பொத்தல் பொத்தலா தின்னுடும், அந்த இடமே உதிந்துடும்னு சொன்னார். ரோட்டோரக் கடைல முன்னூறு ரூபாய்க்கு ஊதியிருந்தா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும். பழைய நகை எதுவா இருந்தாலும் முன்னாடி பத்து வச்ச இடம் இருக்கான்னு பாக்காம நெருப்பைக் காட்டறவர்கிட்ட குடுக்காதீங்க.

சரி, நெருப்பு விஷயத்துக்கே வரேன், ஏன்னா இதுலதான் நிறைய பழைய மோதிரம் பாழாகுது. சிவப்பு கெட்டியான கல்லு, வைரத்துக்கு அடுத்த கடினம், பத்தர் ஊதற சூட்டுக்கு உருகாது. ஆனா சூடா இருக்கும்போது தண்ணில போட்டா விரிசல் விடும். அதைவிட மோசம், பத்து வைக்கும்போது தடவற வெங்காரம் சூட்டோட சிவப்புக் கல்லு மேல பட்டா கல்லோட மேல்பரப்பை அரிச்சுடும், பளபளப்பு போயி சொரசொரன்னு ஆயிடும். வைரத்துக்கு நேர் எதிரு, அது சூட்டுல காத்து பட்டா மேல வெள்ளையா மூடிக்கும், அதனால அதுமேல ஒரு பூச்சு போட்டுத்தான் ஊதுவாங்க. ஆக சிவப்பும் வைரமும் ஒரே மோதிரத்துல இருந்தா ஒன்னுக்கு மருந்து இன்னொன்னுக்கு விஷம். மரகதம் இருந்தா இன்னும் கஷ்டம், பெரும்பாலான மரகதத்துல விரிசல் தெரியாம இருக்க எண்ணெய் ஏத்தியிருப்பாங்க, சூட்டுல எண்ணெய் வெளிய வந்துடும். முத்து பவழம் எல்லாம் நெருப்புப் பக்கமே கொண்டு போகக் கூடாது. எங்க மோதிரத்துல இது போதாதுன்னு மூடின கட்டடம் வேற, கல்லுக்குப் பின்னாடி கலர் தூக்கிக் காட்ட மெல்லிசா தகடு வச்சு அரக்கு நிரப்பியிருக்கு. சூடு பட்டா அரக்கு இளகும், தகடு கறுக்கும், கல்லு செத்துப்போன மாதிரி ஆயிடும். பத்து வச்சப்புறம் திராவகத்துல போட்டு எடுப்பாங்களே, அது உள்ள இறங்கினாலும் அதே கதைதான்.

அதனால அவர் என்ன சொன்னார்னா, நெருப்பே வேணாம், லேசர்ல ஒட்டலாம். இப்ப நகைக்கடை பஜார் இருக்கற பெரிய ஊர்ல எல்லாம் லேசர் மெஷின் வச்சிருக்கறவங்க இருக்காங்க, பட்டறைக்காரங்க அவங்ககிட்ட கொண்டு போய் கூலிக்கு ஒட்டிட்டு வருவாங்க. புள்ளி புள்ளியா அந்த இடத்தை மட்டும் உருக்கும், ரெண்டு மூணு மில்லிமீட்டர் தள்ளி கல்லு இருந்தாலும் சூடு போகாது, கையாலயே பிடிச்சுக்கிட்டு ஒட்டலாம். பொடியும் தேவையில்ல, அதே தங்கத்துல மெல்லிசு கம்பி இழுத்து அதையே வச்சு ஒட்டலாம். அறுபது வயசு தாண்டின மனுஷன், ஊதுகுழல்ல வளந்தவர், என் கை வேலைதான் பெருசுன்னு சொல்லாம மெஷின்கிட்ட போகலாம்னு சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

மொத்தத்துல மூணு வழி சொன்னார். ஒன்னு, அப்படியே துடைச்சு பீரோல வச்சுக்கோங்க, போடாதீங்க, செலவே இல்ல. ரெண்டு, பாதி வளையம் மாத்தறது, அதாவது தோள்பட்டை இலை வேலைப்பாட்டுக்குக் கீழ ரெண்டு பக்கமும் வெட்டி, ஈயம் பட்ட அடிப்பாகம் முழுசையும் எடுத்துட்டு, புதுசா வளைச்ச கனமான பாதி வளையத்தை ஒட்டறது, தலை அப்படியே இருக்கும். மூணு, இதைப் பாத்து அச்சு அசலா புதுசு ஒன்னு செய்யறது, தினமும் அதைப் போட்டுக்கலாம், இது லாக்கருக்கு. நாலாவதா அழிக்கறது இல்லையாண்ணேன்னு நான் கேட்டேன். அழிக்கறதுக்கு எதுக்கும்மா என்கிட்ட வந்தீங்க, அதுக்கு அடுப்பு போதுமேன்னு சிரிச்சார்.

நாங்க ரெண்டாவதுக்குப் போனோம். வீட்டுக்காரருக்கு மூணாவதுதான் ஆசை. எனக்கு அது ஒத்து வரல, பீரோல இருக்கற நகையை யாரு போட்டுப் பாக்கப் போறா, பையன் கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டு மறுபடி உள்ள வைக்கவா, போட்டுக்கற மாதிரி இருந்தாதான் அது மோதிரம்.

தங்கம் விஷயத்துல ஒரு நுணுக்கம் சொன்னார். இப்ப கடைல கிடைக்கற 916ல மோதிரத்தோட அடியைச் செஞ்சா கலர் ஒட்டாது, பழைய தங்கத்துல செம்பு ஜாஸ்தி சேத்திருப்பாங்க, கொஞ்சம் சிவந்த மாதிரி இருக்கும், புதுசு மஞ்சளா அடிக்கும், ஒட்டின இடம் பளிச்சுன்னு தெரியும். வீட்ல அதே காலத்து ஒடஞ்ச நகை ஏதாவது இருக்கான்னு கேட்டார். அத்தைகிட்ட அறுந்துபோன பழைய சங்கிலித் துண்டு ஒன்னு கிடந்துச்சு, குடுத்தோம். உரைகல்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல உரசிக் காட்டினார், கோடு ரெண்டும் ஏறக்குறைய ஒரே நிறம். அதை உருக்கித்தான் பாதி வளையம் அடிச்சார். உருக்கும்போது என்னையும் வீட்டுக்காரரையும் எதிர்லயே உக்கார வச்சார். ஸ்டூல் கூட இல்லாம ஒரு எண்ணெய் டின் மேல உக்காந்திருந்தோம், அது வேற விஷயம். வெட்டி எடுத்த அடித்துண்டை ஒரு பொட்டலத்துல மடிச்சு எடை எழுதி எங்ககிட்டயே குடுத்துட்டார், இதுல ஈயம் இருக்கு, வேற நகையோட சேத்து உருக்கிடாதீங்கன்னு பொட்டலத்து மேலயே எழுதினார். நகை குடுக்கறவங்களுக்கு எப்பவும் ஒரு பயம் இருக்கும்ல, தங்கம் குறையுமோ கல்லை மாத்திடுவாங்களோன்னு, அந்தப் பயத்துக்கு அவர் கோவிச்சுக்கல, மகனை விட்டு லென்ஸ் வழியா மொபைல்ல ஒவ்வொரு கல்லையும் போட்டோ எடுத்து எங்களுக்கே அனுப்பி வச்சுட்டுத்தான் வேலையைத் தொட்டார்.

செலவு. எங்க தங்கம் 1.9 கிராம் உள்ள போச்சு. கூலி 4500, லேசருக்கு 800, விளிம்பு மெலிஞ்ச அந்த ஒரு வைரத்துக்கு விளிம்பைத் தள்ளி விட்டு இறுக்கினதுக்குத் தனியா ஒன்னும் வாங்கல. ஷோரூம் கணக்கோட வச்சுப் பாத்தா கால்வாசி கூட வரல. ஆனா நியாயமா சொல்லணும், இது எல்லாருக்கும் இப்படி வராது, வீட்ல பழைய தங்கம் இல்லாதவங்க அந்த ரெண்டு கிராமையும் காசு குடுத்துத்தான் வாங்கணும்.

கல்லு பத்தி ஒரு கிளைக்கதை. பத்தர் லென்ஸ்ல நடுக் கல்லைப் பாக்கும்போது ரொம்ப நேரம் ஒன்னும் பேசல. அப்புறம், இதை லேப்ல காட்டிடுங்கம்மா, எனக்கு சந்தேகமா இருக்குன்னார். காட்டினோம். உள்ள வளைஞ்ச கோடு இருக்கு, பொடிக் குமிழி இருக்கு, இது செயற்கைச் சிவப்புன்னு ரிப்போர்ட் வந்துச்சு. பூமில விளைஞ்ச கல்லுல கோடு நேரா, மூலை மடங்கி வரும், உருக்கி வளத்த கல்லுல மட்டும்தான் வளைஞ்சு வருமாம். பிரான்ஸ்ல வெர்னாய்ங்கறவர் 1902லயே இந்த முறையை வெளியிட்டுட்டார், அதுக்கப்புறம் உலகம் பூரா நகைக்கடைக்கு அந்தக் கல்லு மூட்டை மூட்டையா போயிருக்கு, பர்மால வாங்கின மோதிரம்னா மொகோக் சுரங்கத்துக் கல்லாத்தான் இருக்கணும்னு ஒன்னும் இல்ல. தாத்தாவே ஏமாந்தாரா இல்ல தெரிஞ்சேதான் வாங்கினாரா, யாருக்குத் தெரியும். அத்தைகிட்ட இன்னும் சொல்லல, சொல்ற ஐடியாவும் இல்ல. சுத்தி இருக்கற எட்டு வைரமும் அசல்தான், பழைய வெட்டு.

ரிப்போர்ட் வந்தப்புறம் வீட்டுக்காரர் ஒரு நாள் பூரா அப்ப அழிச்சுடலாமேன்னு சொல்லிட்டு இருந்தார். எனக்கு அது புரியவே இல்ல. செயற்கைக் கல்லுன்னா ஷோரூம்காரன் சொன்ன மாதிரி கல்லுக்கு மதிப்பில்ல, சரி, அப்ப அந்த மோதிரத்துல மிச்சம் இருக்கற மதிப்பு பூராவும் அந்தக் கட்டடத்துலயும் இலை வேலைப்பாட்டுலயும்தானே இருக்கு, அதை அழிச்சா என்னதான் மிஞ்சும். கல்லு அசலா இருந்திருந்தாக் கூட கல்லைக் கழட்டி வேற மோதிரத்துல வச்சுக்கலாம்னு வாதம் பண்ணலாம். செயற்கைன்னு தெரிஞ்சப்புறம்தான் அழிக்கக் கூடாதுங்கறது இன்னும் உறுதியாச்சு எனக்கு. பத்தரும் இதையேதான் வேற மாதிரி சொன்னார், இந்த மாதிரி விளிம்பு அடைக்கற கை இப்ப பஜார்ல ரொம்பக் கம்மி, என் மகனுக்கே வராதுன்னு, மகன் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுத்தான் இருந்தார் பாவம்.

மெருகு போடறது பத்தி. கடைசில பாலிஷ் போட்டுத் தரவான்னு கேக்காத கடையே கிடையாது, ஃப்ரீன்னா நாமளும் தலையாட்டிடுவோம். பழைய வேலைப்பாட்டுக்கு அந்த மோட்டார் பாலிஷ் எமன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தங்கத்தை எடுக்கும், வெட்டின கோட்டோட கூர்மை போயிடும், நாலு தடவை பாலிஷ் போட்ட இலை வெறும் மேடு பள்ளமாத்தான் தெரியும். புதுசா ஒட்டின அடிக்கு மட்டும் மெருகு போட்டுட்டு மேல கையே வைக்காம விட்டார். ஒடனே பாக்கும்போது கீழ பளபளன்னும் மேல மங்கலாவும் ரெண்டு மோதிரத்தை ஒட்டின மாதிரி இருந்துச்சு, வீட்ல எல்லாரும் மூஞ்சியைச் சுளிச்சாங்க. போட்டுப் போட்டு இப்ப அடியும் மங்கிடுச்சு, வித்தியாசம் தேடினாத்தான் தெரியும். கழுவறதுக்கும் ஒன்னு சொன்னார், பூந்திக்கொட்டைத் தண்ணில ஊறப் போடற பழக்கம் நம்ம வீட்ல உண்டு, திறந்த கட்டடத்துக்கு அது ஓகே, மூடின கட்டடத்தை எந்தத் தண்ணிலயும் ஊறப் போடாதீங்க, ஈரத் துணியால துடைச்சு உடனே காய வைங்கன்னு.

குறைங்களும் இருக்கு, இல்லாம இல்ல. சொன்ன தேதிக்கு மோதிரம் வரல. போன் பண்ணா எடுக்கறதில்ல, எடுத்தா நாளைக்குன்னு ஒரு பதில், அந்த நாளை வரவே வராது. கல்யாண சீசன்ல குடுத்தீங்கன்னா மறந்துடுங்க, தாலி வேலை வந்துட்டா ரிப்பேர் எல்லாம் அடியில போயிடும், அவரே வெளிப்படையா சொல்றார். பில்லு கிடையாது, ஒரு துண்டுச்சீட்டுல எடையும் கல்லு எண்ணிக்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார், அதுவே நான் கேட்டு வாங்கினது, கேக்காதவங்களுக்கு அதுவும் கிடையாதுன்னு நினைக்கறேன். சைஸ் கொஞ்சம் டைட்டா பண்ணிட்டார், சாயங்காலம் விரல் வீங்கும்போது கழட்ட சோப்பு போட வேண்டியிருக்கு, திருப்பிக் கொண்டு போனா தட்டிப் பெருசாக்கித் தரேன்னு சொல்லியிருக்கார், தட்டினா மறுபடி மெலியுமேன்னு நானே விட்டுட்டேன். மாடிப்படி செங்குத்தா இருக்கும், கைப்பிடி ஒரு பக்கம்தான், வயசானவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. ஜிபே வாங்கறாங்க.

ஒட்டின இடம் தெரியுதான்னு நிறைய பேரு கேக்கறாங்க. வெயில்ல சாய்ச்சுப் பாத்தா ஒரு மயிரிழை தெரியும், இடது பக்கம். வலது பக்கம் எனக்கே எங்கன்னு தெரியல.

இதைப் படிச்சுட்டு எல்லா பழைய மோதிரத்தையும் ரிப்பேர் பண்ணுங்கன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. அழிச்சே ஆகணும்ங்கற மோதிரமும் நிறைய இருக்கு. என் தங்கச்சியோட மோதிரம் ஒன்னையும் அதே பட்டறைக்குத்தான் கொண்டு போனோம், தொண்ணூறுகள்ல எடுத்தது, உள்ள பொள்ளலா மெல்லிசுத் தகடுல அடிச்ச மெஷின் மோதிரம், தகடு தேஞ்சு ரெண்டு இடத்துல ஓட்டை. அதைப் பாத்த உடனே, இதுல ஒட்டறதுக்கு ஒன்னும் இல்ல, அழிச்சு கெட்டியா ஒரு வளையம் அடிச்சுக்கோங்க, அதுவும் என்கிட்ட வேணாம், கடைலயே ஹால்மார்க்கோட வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டார். 2023 ஏப்ரல்ல இருந்து கடைல விக்கற ஹால்மார்க் தங்க நகைல அந்த ஹெச்யூஐடி, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள நம்பர் இருந்தே ஆகணும், நாளைக்கு விக்கப் போனாலும் டச் பத்தி சண்டை வராது, அப்படிப்பட்ட சாதா மோதிரத்துக்கு அதுதான் புத்திசாலித்தனம். அதே மாதிரி தலைப்பகுதியே ரெண்டா விரிசல் விட்டிருந்தாலோ, விளிம்பு எல்லாம் தேஞ்சு பாதிக் கல்லு விழுந்து யாரோ பிளாஸ்டிக் கல்லை கோந்து போட்டு வச்சிருந்தாலோ, ஈயம் தலை வரைக்கும் ஏறியிருந்தாலோ, அதுக்கு மேல காசைக் கொட்டறது பிடிவாதம்தான். அப்பவும் அழிக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்து, நல்லா இருக்கற கல்லை நீங்க பாக்கும்போதே கழட்டச் சொல்லி வாங்கிக்கோங்க.

பழைய நகைக்கு ஹால்மார்க் இல்லையே, வச்சிருக்கலாமான்னு அத்தை பயந்துட்டே இருந்தாங்க. வீட்ல வச்சிருக்கறதுக்கோ கடைல விக்கறதுக்கோ ஒரு தடையும் இல்ல, அந்த ரூல் கடைக்காரங்க விக்கறதுக்குத்தான். டச் தெரிஞ்சுக்கணும்னா பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஹால்மார்க் சென்டர்ல நாமளே குடுத்துப் பாக்கலாம். ஒன்னு மட்டும், அந்த மெஷின் மேல்தோலை மட்டும்தான் பாக்கும், பத்து வச்ச இடத்துலயோ முலாம் பூசின இடத்துலயோ வச்சா டச் தப்பா வரும். எங்க மோதிரத்துல ஷோரூம்ல 85 வந்துச்சே, பத்தர் தோள்பட்டைல உரசிப் பாத்துட்டு 88க்குக் குறையாதுன்னார், சென்டர்லயும் 88தான் வந்துச்சு. ஷோரூம்ல அந்த ஈயம் பக்கத்துல வச்சுட்டாங்களோ என்னவோ.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். குடுக்கும்போது எடை, கல்லு எண்ணிக்கை, எங்க வெட்டப் போறாங்க, வெட்டின துண்டு யாருக்கு, லேசரா நெருப்பான்னு அஞ்சையும் சீட்டுல எழுதி வாங்குங்க, முகத்துக்கு நேரா கேக்கக் கூச்சமா இருந்தா வாட்ஸ்அப்ல அனுப்பி ஓகே சொல்லச் சொல்லுங்க. அப்புறம் அமாவாசை அன்னிக்கு பட்டறை லீவு, மத்த நாள் காலைல பதினொரு மணிக்கு மேல போனாத்தான் பெரியவர் இருப்பார், மகன்கிட்ட குடுத்துட்டு வந்துடாதீங்க, அவரு நல்லவர்தான் ஆனா எதைக் கேட்டாலும் பண்ணிடலாம்க்கான்னுதான் சொல்றார்.